ஈர வேட்டிச் சத்தியம்

சித்தப்பா தன் போர்வெல் ரிக் வண்டியின் சாமான் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி, கிரீஸ் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். பிரிக்காமலே என்னவென்று தெரிந்தது.

“மத்தியப் பிரதேசத்துல போர் போடப் போயிருந்தப்ப நம்ம டிரில்லர் வாங்கியாந்தது. அந்தப் பக்கம் காட்டு ரோட்டுல இது இல்லாம வண்டிய நிறுத்தித் தூங்க முடியாது” என்றார்.

“எனக்கு எதுக்குங்க?”

“நாளைக்குக் கோயிலுக்குப் போறப்ப இடுப்புல இருக்கட்டும்.”

நாட்டுக் கைத்துப்பாக்கி. குழாயை மடக்கித் திறந்து ஒரு தோட்டாவைப் போட வேண்டும். இன்னொன்று சுட வேண்டுமானால் மறுபடியும் திறக்க வேண்டும். பிடியில் மரச்சில்லு வைத்து, அதன் மேல் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றியிருந்தார்கள்.

“நீங்க சுட்டுப் பாத்திருக்கீங்களா?”

“ஒருக்கா. பானைய வெச்சுச் சுட்டேன்.”

“ஒடஞ்சுதா?”

“பானைக்கு ஒண்ணும் ஆவுல. சத்தம் நல்லா வந்துச்சு.”

சிரித்திருக்க வேண்டிய இடம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது எனக்கு எதுவும் வருவதில்லை.

என் மனைவி வசந்தாமணி போய் நாலு மாதம் ஆகியிருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம். மழை கிடையாது. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை இழுத்தது. குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வைப் பார்க்க அவள் கிணற்றில் இறங்கினாள். பாதியில் ஒரு படி பெயர்ந்திருந்தது. அடியில் பாறை. போலீஸ் வந்து பார்த்து, விபத்து என்று எழுதிக்கொண்டு போனது.

நான் அழவில்லை. தூக்கியபோதும் அழவில்லை, பால் ஊற்றியபோதும் அழவில்லை. அடக்கிக்கொண்டேன் என்றில்லை. வரவில்லை. ராசிபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறேன். காரியம் முடிந்த மறுநாளே வகுப்புக்குப் போனேன். ஊரில் அதைத்தான் பேசினார்கள். பெண்டாட்டி செத்ததற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவன் என்றார்கள்.

அந்தக் காரியத்தன்று பந்தியில் மச்சான் கேட்டார். மச்சான் மயில்சாமி வசந்தாமணியின் அண்ணன். சேந்தமங்கலத்துக்காரர். குச்சிக்கிழங்கு வெள்ளாமை. வரப்புத் தகராறில் ஒருமுறை அரிவாளைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காட்டுக்காரரை ஊர் எல்லைவரை துரத்தியவர்.

“ஏனுங்க மாப்ள, படிச்ச புருசன் ஊட்ல இருக்கறப்ப பொம்பள எதுக்குங்க கெணத்துல எறங்கோணும்?”

கேட்டது அவ்வளவுதான். பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. அவர் இலையை மூடாமல் எழுந்து, உள்ளே போய், என் மகள் வள்ளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வள்ளிக்கு அப்போது நடக்க வந்திருந்தது, பேச்சு வரவில்லை. யாரும் தடுக்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நாங்களும் அங்கே நனைக்கவில்லை. குழந்தையைப் பார்க்க இரண்டு தரம் போனேன். தின்பண்டத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள், குழந்தை தூங்குகிறது என்றார்கள். உள்ளே அவள் குரல் கேட்டது.

கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசினார்கள். மச்சான் சொன்னதைச் சித்தப்பா வந்து சொன்னார். கொல்லிமலை அடிவாரத்தில் அவர்களுடைய கருப்பனார் கோயில் இருக்கிறது. அங்கே வந்து, வசந்தாமணி சாவில் எனக்குப் பங்கில்லை என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்தால் அன்றைக்கே குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போனாலும் கொடுக்கமாட்டார்.

சரி என்றேன். பௌதிகம் நடத்துகிறவன் சூடத்தில் அடிப்பதா என்று உடன் வேலை பார்க்கிறவர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் வெட்கம் தோன்றவில்லை. குழந்தை வீட்டுக்கு வர வேண்டும். உள்ளே அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

ஆனால் சேந்தமங்கலம் சந்தையில் மச்சான் வேறொன்றும் சொல்லியிருந்தார். பொய்ச் சத்தியம் பண்ணினால் கருப்பனார் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. அதைக் கேட்டுவிட்டு வந்துதான் சித்தப்பா சாமான் பெட்டியைத் திறந்தார்.

“நான் பொய்ச் சத்தியம் பண்ணப் போறதில்லீங்களே.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கோயில்ல எங்க பாத்தாலும் அருவாளா நட்டு வெச்சிருப்பாங்களாமா. கைய நீட்டுனா ஒண்ணு கெடைக்கும்.” துணியைச் சுற்றி மறுபடியும் என்னிடம் நீட்டினார். “நீ போய்ட்டீன்னா அந்தப் புள்ள அங்கயே தான் வளரும். உன்ற பேரைச் சொல்லிச் சொல்லித் திட்டீட்டே வளப்பாங்க. யோசன பண்ணு சாமி.”

என்னைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் வாங்கியிருக்கமாட்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பாவின் ஜீப்பில் கிளம்பினோம். அவருடைய அகலமான தோல் பெல்ட்டை வேட்டிக்கு உள்ளே கட்டி, அதில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டேன். மேலே சட்டை. ஜீப் பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் இடுப்பெலும்பில் இடித்தது. சித்தப்பா என் பக்கம் திரும்பாமல் ஓட்டினார்.

“குதிரைய இழுத்தாத்தான் வெடிக்கும். இழுக்காதவரைக்கும் வெறும் இரும்பு.”

“இடிச்சா?”

“இடிச்சாலும் வெடிக்காது.” கொஞ்ச தூரம் போனபின், “பெரும்பாலும்” என்றார்.

சேந்தமங்கலம் தாண்டியதும் மலை முன்னால் வந்துவிட்டது. ரோட்டோரம் களங்களில் கிழங்குமாவு காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் அதைப் பார்க்கக் கண் கூசியது. தார் ரோடு முடிந்து வண்டித் தடம். தடம் முடிகிற இடத்தில் புளியமரங்கள், அவற்றுக்கு நடுவே கோயில்.

கோயிலென்றால் கூரை இல்லை. சுற்றுச்சுவர், நடுவில் மேடை, மேடையில் கருப்பனார். அவர் முன்னால் ஆள் உயர அரிவாள்கள் வரிசையாக நட்டிருந்தன. வேண்டுதலுக்கு வைத்தவை. சில துருப்பிடித்திருந்தன, சில புதியவை. எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. இத்தனை ஆயுதம் வெளிப்படையாக நிற்கிற இடத்தில் நான் ஒருவன்தான் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன்.

மச்சான் ஒரு மரத்தடியில் நின்றார். அவர் மனைவி சாரதாமணி வள்ளியை இடுப்பில் வைத்திருந்தார். வள்ளிக்குத் தலை வாரிப் பூ வைத்திருந்தார்கள். கொஞ்சம் பெருத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை. சத்தியத்துக்கு முன்னால் போகக்கூடாது என்று பேச்சு.

பூசாரி கண்ணுசாமி ஒல்லியான மனிதர். பல் பாதி இல்லை. பேச்சு நிறைய இருந்தது.

“வாங்க மாப்ள. சட்டையக் கழட்டிப்போட்டு மொதல்ல உளுந்து கும்புடுங்க.”

சட்டையைக் கழற்றினேன். துண்டை அதற்குள் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். விழுந்து கும்பிட வேண்டும். சாமி முன்னால் ஆண்கள் குப்புறப் படுத்து, நெஞ்சும் வயிறும் தரையில் பட விழுவார்கள். எனக்கு அடிவயிற்றுக்கு நேராகத் துப்பாக்கி இருந்தது. குழாய் கீழே பார்த்திருந்தது. பெரும்பாலும் என்று சித்தப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. முழங்காலை மட்டும் ஊன்றி, கையைத் தரையில் வைத்து, நெற்றியைத் தாழ்த்தி எழுந்தேன்.

“ஏனுங்க, இடுப்புப் புடிப்பா?” என்றார் பூசாரி. “உக்காந்து பாடம் நடத்துற வேல போலிருக்குது.”

“நின்னுட்டுத்தானுங்க நடத்துறேன்.”

“அப்ப நின்னு நின்னு புடிச்சிருக்கும்.”

மரத்தடியில் யாரோ சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. என் இடுப்பைப் பார்த்தார் என்று எனக்குப் பட்டது.

நானும் சித்தப்பாவும் ஒரு விஷயத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் வந்திருந்தோம். எங்கள் பக்கத்துக் கோயிலில் சத்தியம் என்றால் சாமி முன்னால் துண்டைப் போட்டுத் தாண்ட வேண்டும். தாண்டினால் முடிந்தது. இங்கும் அப்படித்தான், சூடம் மட்டும் கூடுதல் என்று நினைத்துவிட்டோம்.

பூசாரி சொன்னார். “நம்ம கோயில் முறையச் சொல்லிப்போடறேன். ஒத்த வேட்டி. அதுவும் ஈரத்தோட, சொட்டச் சொட்ட வரோணும். அரணாக் கவுத்தத் தவிர ஒடம்புல வேற ஒண்ணும் இருக்கப்படாது. தண்ணிய எதிர்ப் பக்கத்துக்காரரு தான் ஊத்தோணும். உச்சந்தலையில இருந்து ஊத்தோணும்.”

சித்தப்பா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

“அது எதுக்குங்க அப்படி?”

“முன்னால ஒருத்தரு இடுப்புல தாயத்த ஒளிச்சுக் கட்டீட்டு வந்து பொய்ச் சத்தியம் பண்ணிப்போட்டாரு. தாயத்து இருந்தா சத்தியம் புடிக்காதுன்னு ஆரோ சொல்லியிருக்கறாங்க. அதுல இருந்து இந்த முறைங்க. இடுப்புல எதையாச்சும் வெச்சிருந்தா வந்த வழியே போய்க்கலாம். சத்தியமும் கெடையாது, பொறவு பேச்சும் கெடையாது.”

“புள்ளக்கிச் சளி புடிச்சிருக்குதுங்க” என்றார் சித்தப்பா.

“எந்தப் புள்ளக்கி?”

“இவனுக்குத்தான்.”

“வைகாசி வெயில்ல சளிங்களா? ஊத்துனா எறங்கீரும். போங்க மாப்ள.”

கிணறு கோயிலுக்குப் பின்னால், சுவரைத் தாண்டி இருந்தது. ஊற்றுகிறவரும் குளிக்கிறவரும் மட்டும்தான் போகலாம். மச்சான் முன்னால் நடந்தார். நான் பின்னால். நடந்தபோதே தெரிந்துவிட்டது. துண்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால் பெல்ட் தெரியும். அவர் ஒரு சத்தம் போட்டால் போதும். ஆயுதத்தோடு சத்தியத்துக்கு வந்தவன் என்று ஆகிவிடும். குற்றம் செய்யாதவன் எதற்கு ஆயுதம் கொண்டுவருகிறான் என்பார்கள். அதற்குப் பிறகு குழந்தை இல்லை.

மச்சான் கயிற்று வாளியை எடுத்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு, வாளியை உள்ளே விட்டார். நான் நாலு மாதமாக எந்தக் கிணற்றையும் எட்டிப் பார்த்ததில்லை. அவரும் அப்படித்தான் என்று அப்போது தெரிந்தது. வாளி நெடுநேரம் இறங்கியது.

இழுத்து மேலே வைத்தார்.

“துண்ட அவுத்து வெய்யுங்க.”

நான் நின்றேன்.

“நேரமாவுதுங்க மாப்ள. பொங்கல் வெக்கப் பொம்பளைங்க தண்ணிக்கு வந்துருவாங்க.”

துண்டை அவிழ்த்தேன். பெல்ட்டிலிருந்து துப்பாக்கியை உருவி, துவைக்கிற கல்லின் மேல் வைத்தேன். அவரிடமிருந்து எப்படி மறைப்பது என்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஓடிப்போய் எங்காவது போடலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

அவர் கயிற்றைக் கையில் பிடித்தபடியே பார்த்தார்.

“நெசத் துப்பாக்கிங்களா?”

“ஆமாங்க.”

“குண்டு இருக்குதா?”

“ஒண்ணு இருக்குதுங்க.”

“எனக்கா?”

“சந்தையில சொன்னீங்களாமா.”

“சந்தையில ஆயிரம் சொல்லுவனுங்க.” அவர் குரல் உயரவில்லை. உயரும் என்று காத்திருந்தேன். “என்ற கையில என்ன இருக்குது பாருங்க. கவுறு. கருப்பனார் கோயிலுக்குள்ள அவரோட அருவாளத் தொட்டா ரத்தம் கக்கிச் சாவோணும். எங்க பக்கத்துல பச்சப் புள்ளக்கிக் கூடத் தெரியும்.”

“எங்களுக்குத் தெரியாதுங்க.”

“தெரியலீன்னா கேக்கோணும். படிச்சவிய கேக்கவே மாட்டீங்களா?” துப்பாக்கியைக் காட்டினார். “நான் கிட்ட வந்திருந்தா சுட்டிருப்பீங்களா?”

“தெரியலீங்க மச்சான்.”

“அதச் சொல்லுங்க. அது ஒண்ணு தான் நம்புற மாதிரி இருக்குது.”

சுவருக்கு அந்தப் பக்கம் பூசாரி மணியை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கல்லின் மேல் உட்கார்ந்தார். துப்பாக்கிக்கும் அவருக்கும் ஒரு சாண் இருந்தது.

“நாலு மாசமா உங்க மேல கோவமா இருக்கறேன். காத்தால எந்திரிச்சா கோவம். ராத்திரி படுத்தா கோவம். நேத்து ராத்திரி ஒரு யோசன. நீங்க நெசமாவே சத்தியம் பண்ணிப்போட்டா நான் நாளையில இருந்து ஆரு மேல கோவப்படறதுன்னு. அவ தானா உளுந்தான்னா, ஆரைங்க கேக்கறது?” கயிற்றை வாளிக்குள் போட்டார். “நான் கேட்டது ஒண்ணு தானுங்களே. அவ எதுக்கு எறங்குனா? அதுக்கு ஒரு பதில் சொல்லியிருந்தா இத்தன தூரம் எதுக்கு?”

சொல்லக்கூடாது என்று நாலு மாதம் வைத்திருந்தேன். சொன்னேன்.

“புள்ள எம்மேல படுத்துத் தூங்கீட்டிருந்துதுங்க. காச்சல் உட்டு அப்பத்தான் தூங்குச்சு. நான் எந்திரிக்கப் போனேன். எந்திரிச்சா முழிச்சுக்குவா, நீங்க அப்படியே இருங்க, நானே பாத்துட்டு வந்தர்றேன்னு அவ போனா.”

மச்சான் என்னைப் பார்த்தார்.

“அவ்வளவு தானுங்களா?”

“அவ்வளவு தானுங்க.”

“இதப் பந்தியில சொல்லியிருக்கலாமுல்லீங்க.”

“சொன்னா ஊரெல்லாம் பேசுவாங்க. நாளைக்குப் புள்ளகிட்டயே ஆராச்சும் சொல்லுவாங்க. உன்னத் தூங்க வெக்கப் போயி உங்கம்மா செத்தாள்னு.”

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பாரம் தூக்கி வந்து இறக்கி வைத்தது போல மட்டும் இருந்தது.

துண்டை எடுத்தபோது அவர் முகம் சாதாரணமாக இருந்தது.

“இனி ஆருகிட்டயும் சொல்லாதீங்க. நானும் சாரதாகிட்டக்கூடச் சொல்ல மாட்டேன்.” எழுந்தார். “இத என்ன பண்றது? இங்க உட்டுட்டுப் போனா பொம்பளைங்க கண்ணுல படும்.”

“தோட்டாவ எடுத்தர்றேனுங்க.”

குழாயை மடக்கப் பார்த்தேன். வரவில்லை. வியர்வைக் கை வழுக்கியது. அவர் வாங்கி இழுத்தார். வரவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தோம். அது அசையவில்லை.

“எங்க வாங்குனதுங்க இது?”

“மத்தியப் பிரதேசத்துல.”

“அங்கயே உட்டுட்டு வந்திருக்கலாம்.”

அவர் என் பெல்ட்டையும் கேட்டு வாங்கினார். தன் வேட்டிக்குள் கட்டி, துப்பாக்கியை அதில் செருகி, துண்டை மேலே சுற்றினார்.

“மச்சான், கோயிலுக்குள்ள இதோட—”

“சத்தியம் பண்றது நீங்க. முறையெல்லாம் உங்களுக்குத்தான். ஊத்துறவன் இடுப்பப் பத்திப் பூசாரி ஒண்ணும் சொல்லல.” வாளியைத் தூக்கினார். “குனியுங்க.”

உச்சந்தலையில் ஊற்றினார். தண்ணீர் குளிர்ந்திருந்தது. இன்னொரு வாளி இழுத்தார். ஊற்றினார். போதும் என்றபோதும் இன்னொன்று ஊற்றினார்.

“சளியெல்லாம் எறங்கீருச்சா?” என்றார்.

சொட்டச் சொட்ட நடந்து வந்தேன். வேட்டி தொடையில் ஒட்டியிருந்தது. இடுப்பில் அரைஞாணைத் தவிர ஒன்றும் இல்லை. பூசாரி மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார். சித்தப்பா என் இடுப்பைப் பார்த்தார். அங்கே இல்லை. கிணற்றடியைப் பார்த்தார். பிறகு மச்சான் இடுப்பில் துண்டு புடைத்திருந்ததைப் பார்த்தார். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார்.

என்னைப் பார்த்துக்கொள்வேன் என்று சந்தையில் சொன்னவர் எனக்கு ஒரு முழம் பின்னால், குண்டு போட்ட துப்பாக்கியோடு நின்றார். எனக்கு முதுகில் பயம் இல்லை. காலையிலிருந்து இருந்த பயம் எல்லாம் இடுப்பில்தான் இருந்தது. அது இப்போது போய்விட்டது.

வெற்றிலையில் சூடம் ஏற்றி மேடையில் வைத்தார் பூசாரி. அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

“என் மனைவி வசந்தாமணி சாவுல எனக்குப் பங்கில்லை. கையால செய்யலை, வாயால சொல்லலை, மனசால நெனைக்கலை. இது பொய்யின்னா என் புள்ள எனக்கு இல்லாமப் போகட்டும்.”

கடைசி வரியில் என் குரல் நின்றது. நிஜம்தான் என்றாலும் அந்த வரியைச் சொல்ல முடியவில்லை. பின்னாலிருந்து மச்சான், “சொல்லுங்க மாப்ள, ஒண்ணும் ஆகாது” என்றார். சொன்னேன். உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தேன். சுட்டது. புகை வந்தது. முடிந்துவிட்டது.

“ரெண்டு பேரும் உளுந்து கும்புடுங்க” என்றார் பூசாரி.

நான் குப்புற விழுந்தேன். நெஞ்சு, வயிறு, நெற்றி எல்லாம் மண்ணில் பட்டது. ஈரத்தில் மண் ஒட்டியது. எழ மனமில்லாமல் கொஞ்சம் படுத்தே கிடந்தேன். பக்கத்தில் மச்சான் முழங்காலை மட்டும் ஊன்றி, கையை வைத்து, நெற்றியைத் தாழ்த்துவது தெரிந்தது.

“ஏனுங்க மயில்சாமி,” என்றார் பூசாரி, “உங்களுக்கும் இடுப்புப் புடிச்சுக்கிச்சா? மாப்ளகிட்ட இருந்து ஒட்டிக்கிச்சா?”

“தண்ணி எறச்சனுங்க. மூணு வாளி.”

“மூணு வாளிக்கே இப்படீன்னா நீங்கெல்லாம் என்ன வெவசாயம் பண்றீங்களோ.”

மரத்தடியில் எல்லோரும் சிரித்தார்கள். நாலு மாதத்தில் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து சிரித்தது அதுதான். மண்ணில் படுத்தபடி நானும் சிரித்தேன். என் வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது எனக்கே புதிதாக இருந்தது. சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. மச்சான் ஒழுங்காக எழுந்து நிற்கும்வரை அவர் மூச்சு விடவில்லை என்று பிறகு சொன்னார்.

சாரதாமணி வள்ளியைக் கொண்டுவந்தார்.

“ஈரத்தோட வாங்காதீங்கண்ணா. மொதல்ல தொவட்டுங்க. இப்பத்தான் மூக்கொழுகறது நின்னுருக்குது.” நான் துவட்டுவதற்குள் சொல்லிக்கொண்டே போனார். “பாலுக்குச் சக்கர போடாதீங்க. தூக்கத்துல கைய வாயில வெப்பா, எடுத்து உடோணும். கோழியக் கண்டா பயப்படுவா, ஆட்டுக்குப் பயமில்ல. ‘மாமா’ன்னு சொல்றா. ‘அப்பா’ன்னு சொல்லிக் குடுக்கல. அது எங்க தப்புதான்.”

வள்ளியைக் கையில் கொடுத்தார். முதலில் அழப் பார்த்தாள். பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் காது அவளுக்குப் பிடித்திருந்தது போல. விடவில்லை.

பொங்கல் இறக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். சத்தியம் முடிந்தால் அங்கேயே சேர்ந்து கை நனைக்க வேண்டும், அதுவும் முறை. மச்சான் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்மணம் போட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டார். எனக்குப் பசித்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வள்ளி என் இலையில் கை வைத்துப் பிசைந்தாள்.

கிளம்பும்போது மச்சான் ஜீப் வரைக்கும் வந்தார். தேங்காய் மூடி, பழம், அதோடு வாழையிலைக்குள் துண்டில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டணம். சித்தப்பா கையில் கொடுத்தார்.

“உங்க சாமானுங்க. கெணத்து மேட்டுல இருந்துச்சு.”

சித்தப்பா வாங்கிக்கொண்டார். “எங்களுதுன்னு எப்படிங்க தெரிஞ்சுது?”

“கிரீஸ் வாசம் வருதுங்களே.” மச்சான் ஜீப்புக்குள் தலையை நீட்டி வள்ளியின் கன்னத்தைத் தொட்டார். “ஆடிக்குக் கூட்டியாங்க மாப்ள. மறக்காதீங்க. வரும்போது கைய வீசீட்டு வாங்க.”

“வாரனுங்க மச்சான்.”

சேந்தமங்கலம் தாண்டும் முன்பே வள்ளி என் மடியில் தூங்கிவிட்டாள். ஒரு காலை மடக்கி என் இடுப்பில் உதைத்தபடி படுத்திருந்தாள். துப்பாக்கி இடித்துக் கன்றிப்போன இடம். வலித்தது. காலை நகர்த்தினால் விழித்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

சித்தப்பா பொட்டணத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “இந்தச் சனியன என்ன பண்றது?” என்றார். “பெட்டியில வெச்சிருந்தா மறுபடியும் எவனுக்காச்சும் குடுக்கத் தோணும்.”

“தண்ணி வராத போர் எதுலயாச்சும் போட்டுருங்க.”

அந்த வருஷம் அதற்குப் பஞ்சமில்லை. அவரே போட்ட குழிகள்தான். ஒரு காட்டோரம் வண்டியை நிறுத்தினார். பொட்டல் நடுவில் குழியைக் கல் வைத்து மூடியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பழைய கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாதது.

“எறங்கி வா, ரெண்டு பேரும் கல்லப் பொரட்டலாம்.”

“புள்ள தூங்குதுங்க சித்தப்பா.”

அவர் மடியைப் பார்த்தார். “செரி, நீ இரு. நானே போட்டுட்டு வாரேன்.”

பொட்டணத்தை எடுத்துக்கொண்டு நடந்தார்.

“சித்தப்பா, கெணத்தோரமாப் போவாதீங்க. இந்தப் பக்கமா சுத்திப் போங்க.”

அவர் திரும்பிப் பார்த்தார். நான் காட்டிய பக்கமாகவே சுற்றிப் போனார். கல்லைப் புரட்டினார். பொட்டணத்தைக் குழிக்குள் விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். உள்ளே இடித்து இடித்து இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. வெடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

கல்லை மறுபடி மூடிவிட்டுக் கையைத் தட்டினார். சுற்றிக்கொண்டு வரத் தொடங்கினார். வள்ளி அசைந்தாள். வாயில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அவர் வரும் வழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வந்து சேர்ந்தார். ஏறி உட்கார்ந்தார்.

“போலாமா?” என்றார்.

“போலாமுங்க.”